பத்தால் வகுத்த மிச்சம்

என் சகலை என்னைப் பத்தால் வகுத்துத்தான் கேட்பார். "நேத்து ராத்திரி நாலாயிரம் கொசு" என்று நான் சொன்னால், "நானூறா? அடடா" என்பார். "டாக்டரைப் பார்க்க ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தேன்" என்றால், "பன்னெண்டு நிமிஷம், பரவாயில்லையே" என்பார். முப்பத்தொரு வருஷமாக இதே கணக்கு. அவர் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். நான் அளப்பதற்கென்றே கடவுள் கொடுத்த காது.

என் மேல் தப்பில்லை. வானிலை அலுவலகத்தில் மழைமானியைப் பார்த்து எழுதும் வேலை எனக்கு. ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டால் அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். பகலெல்லாம் உண்மையை எழுதிவிட்டு வருகிற மனுஷன் வீட்டிலாவது மூச்சு விட வேண்டாமா? ஓய்வு பெற்ற பிறகு அதுவே முழுநேர உத்தியோகம் ஆகிவிட்டது. இந்தக் கதையிலும் வகுக்க வேண்டிய இடத்தில் நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். வகுக்கக் கூடாத இடம் வந்தால் தெரியும்.

சகலை நீரேற்று நிலையத்தில் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு கொட்டகைக்குள் எட்டு பம்புகள். நான் எண்பது என்பேன். அங்கே இரைச்சலில் ஒருவர் தும்மினால் பக்கத்தில் இருப்பவருக்கு மறுநாள் தபாலில்தான் தெரியவரும். முப்பத்து நாலு வருஷம் அதற்குள் இருந்துவிட்டு வெளியே வந்தவர், மூன்று மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பேச்சு இல்லை, சண்டை இல்லை, சாப்பாட்டில் உப்பு இல்லையென்ற புகார்கூட இல்லை. நாலாவது மாதம் ஒரு நாள் வெளியே போய் எலெக்ட்ரிக் கிடார் வாங்கிவந்தார். அதுவரை விசில்கூட அடித்தறியாதவர்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று கிடார், வார், ஒயர், சத்தத்தைப் பெருக்கச் சோப்புப்பெட்டி அளவில் ஒரு ஆம்ப் என்று எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு விற்பார்களே, அது. ஊதா நிறம். நான் கத்தரிக்காய் என்று பேர் வைத்தேன், நிலைத்துவிட்டது. மச்சினி அதை "என் சக்களத்தி" என்றாள். கம்பிகள் மரத்தைவிட்டு எவ்வளவு உயரத்தில் நின்றன என்றால், அடியில் ஒரு பூனை குட்டிகளோடு படுத்துத் தூங்கலாம். முறுக்கி நிறுத்திய சுருதி, தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் இறங்கிவிடும். அந்தக் கத்தரிக்காயை வைத்துக்கொண்டு ஆறு வருஷம், தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை மல்லுக்கட்டினார். விரல் நுனிகள் செருப்புத்தோல் ஆயின. மெதுவாக வாசிப்பார். பேரில்லாத மெட்டுகள், அவரே கட்டியவை. போல்ட்டை இறுக்குகிற மாதிரி ஒவ்வொரு சுரமாகச் சரிபார்த்து வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். நன்றாக இருக்கும். இதை வகுக்க வேண்டாம்.

போன வருஷம் காது டாக்டர் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் கொடுத்தார். காகிதத்தின் இடது ஓரத்தில் சமமாகப் போன கோடு, வலது ஓரத்துக்கு வரும்போது மாடிப்படியில் கால் தவறினவன் மாதிரி உருண்டு இறங்கியது. கீச்சென்று உயர்ந்த சுருதியில் வரும் மேல் சத்தங்கள் போகின்றன, இனி ஏறாது, இறங்கத்தான் செய்யும் என்றார். காதுக்கருவியும் வாங்கினார்கள். பேச்சுக்குச் சரி. கிடார் வாசிக்கும்போது மாட்டினால், பிஸ்கட் டின்னுக்குள் ஆணி போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கிறதென்று கழற்றி வைத்துவிடுவார். வீட்டில் கேட்டால், "கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார்.

என்னிடம் மட்டும் ஒரு நாள் சொன்னார்.

"சகலை, காது இருக்கும்போதே ஒரு நல்ல கிடார் வாங்கிடணும். என் காதால கேட்டு நானே எடுக்கணும். இதுதான் நல்லதுன்னு இன்னொருத்தர் கையில எடுத்துக் குடுக்கக் கூடாது. என் காதுக்குத் தெரியலேன்னா வாங்கமாட்டேன். கத்தரிக்காயையும் யாருக்காவது குடுத்துட்டுச் சும்மா இருந்துடுவேன்."

"சும்மான்னா?"

"சும்மாதான்."

இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இவர் சொன்னால் சொன்னதுதான். பதினாறு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் டீக்கு இனிச் சர்க்கரை வேண்டாம் என்றார். அன்றிலிருந்து சர்க்கரை டப்பா அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

கடைக்குப் போகிற அன்று காலை மச்சினி போன் செய்தாள்.

"அத்தான், வெறுங்கையோட மட்டும் கூட்டிட்டு வந்துடாதீங்க. அந்த மூணு மாசம் இவர் எப்படி இருந்தார்னு நீங்களும் பார்த்தீங்க. திரும்பவும் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்னா என்னால தாங்க முடியாது. எதை எடுத்தாலும் நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க."

"நானா?"

"பின்னே? பொய் சொல்ல உங்களுக்கு நான் பாடம் எடுக்கணுமா?"

பொய் வேறு, அளப்பு வேறு என்று அவளுக்கு விளக்கியிருப்பேன். ஆனால் அவள் குரல் சரியில்லை. "கிடாரோடதான் வருவோம், போ" என்று சொல்லிவிட்டேன்.

கடை ஒரு டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில். படிக்கட்டு முழுக்க ரப்பர் வாசனை. மேலே போனால் ஒரு சுவர் நிறையக் கிடார்கள், வரன் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நிற்கிற மாதிரி வரிசையாகத் தொங்கின. ஓரத்து மேசையில் ஒரு அம்மாள், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு, ஒரு கிடாரின் வயிற்றைத் திறந்து ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கடையும் அவருடையது, ரிப்பேரும் அவரே. பேச்சு மட்டும் ரேஷன்.

"என்ன வேணும்?"

சகலை கத்தரிக்காயைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "ஆறு வருஷமா இதுதான். இதுக்கு அடுத்தது."

அந்த அம்மாள் கத்தரிக்காயை வாங்கிக் கம்பி உயரத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "இதுலயா ஆறு வருஷம்?"

"ஆறு."

"கை வலிக்கலையா?"

"வலிச்சுது."

அந்த அம்மாள் எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு சகலையை ஒரு வார்த்தை அவசரப்படுத்தவில்லை.

முதலில் கொடுத்தது பெரிய உடம்பு. தோளில் மாட்டியதும் சகலை ஒரு பக்கம் சாய்ந்தார். இன்னும் ஐந்து நிமிஷம் வைத்திருந்தால் கட்டிடமே சாய்ந்திருக்கும். அடுத்ததில் கழுத்து ஒல்லி. ஸ்பேனர் பிடித்துத் தடித்த விரல், ஒரு கம்பியை அழுத்தினால் பக்கத்துக் கம்பியும் கூடவே வந்தது. "உங்க விரலுக்கு அகலமா வேணும்" என்று மூன்றாவதாக ஒரு வெள்ளைக் கிடாரை எடுத்துக் கொடுத்தார்.

அதை அவர் பிடித்ததுமே எனக்குத் தெரிந்தது. ஆறு வருஷம் துருப்பிடித்த பூட்டோடு போராடியவனுக்கு எண்ணெய் விட்ட பூட்டு கிடைத்த மாதிரி இருந்தது. விரல் வைத்தால் போதும், கம்பி படிந்தது. அழுத்திய வேகத்தில் விரல் சறுக்கி அவரே ஒரு தடவை சிரித்துவிட்டார். கத்தரிக்காயில் நொண்டி நொண்டி நடந்த மெட்டு இதில் நிமிர்ந்து நடந்தது. நானும் அந்த அம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினோம். காரியம் முடிந்தது, மச்சினி கையால் டீ குடிக்கலாம் என்று மனதுக்குள் பஸ் ஏறிவிட்டேன்.

அப்போதுதான் சகலை குனிந்து ஆம்ப்பில் மேல் சத்தத்துக்கான குமிழைத் திருப்பினார். கொஞ்சம் திருப்பினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னும் கொஞ்சம். அது முட்டி நிற்கிறவரை திருப்பிவிட்டு, மேல் சுருதிக் கம்பியை மீட்டினார்.

வகுத்துக்கொள்ளுங்கள்: கீழே நாற்பது டயர்களில் ஒரே நேரத்தில் காற்று இறங்கியது. என் பொய்ப்பல் செட்டு தனியாக எழுந்து வாசலுக்குப் போனது. கம்பி வாங்க வந்திருந்த ஒருவர், வாங்காமலேயே படியிறங்கிப் போனார்; இது மட்டும் நிஜம். மேசைக்குத் திரும்பியிருந்த அந்த அம்மாள் ஒரு காதைத் தோளில் அழுத்திக்கொண்டு பற்றவைக்கும் கம்பியைக் கீழே வைத்தார்.

சகலை கண்ணை மூடியிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"வந்துடுச்சு" என்றார். "சகலை, இப்பதான் மேல் கம்பி வருது. ஒரு வருஷமாச்சு இதைக் கேட்டு. எப்படி இருக்கு?"

மச்சினி குரல் காதுக்குள் நின்றது. அந்தச் சுவரும் கண்ணில் வந்து போனது.

"நல்லா இருக்கு" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "வேற?"

"வேற என்ன? நல்லா இருக்கு."

கம்பிகள் மேல் கையை வைத்துச் சத்தத்தை நிறுத்தினார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் 'நீங்க' போட்டுத்தான் திட்டிக்கொள்வோம், இத்தனை வருஷமாக.

"என்ன மறைக்கிற?" என்றார்.

"நான் என்ன..."

"உன் வீட்டுக் குழாய் சொட்டுனதை நீ அரை மணி நேரம் சொன்னவன். ஒரு தும்மலுக்கு ரெண்டு பக்கம் பேசுவ. ஒரு வருஷமா ஏங்கி ஒரு கிடார் கையில கிடைச்சிருக்கு. நல்லா இருக்கு, ரெண்டே வார்த்தை. நீ அளந்தா எனக்குப் பயமே இல்ல, வகுத்துக்குவேன். இதை நான் எதால வகுக்கிறது?"

நான் அந்தக் குமிழையே பார்த்தேன்.

"சொல்லு. எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லு."

சொன்னேன். "காதுக்குள்ள கம்பியைக் காய்ச்சி விட்ட மாதிரி இருக்கு சகலை. ஆயிரம் பேர் சேர்ந்து சிலேட்டுல ஆணியால இழுக்கிற மாதிரி இருக்கு. கீழ டயர் கடைக்காரர் குடும்பத்தோட ஊரைக் காலி பண்ணிட்டுப் போறார், பொண்டாட்டி புள்ளைங்க..." அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஓர் அளப்பு பாதியில் நின்றது.

அவர் உதடு அசைந்தது. பழக்க தோஷம், வகுத்துக்கொண்டிருந்தார்.

"வகுத்தாலும் நூறு பேர் மிச்சம் இருக்காங்களே" என்றார்.

திரும்பி அந்த அம்மாளிடம், "குமிழ் எங்க இருக்கணும்மா?" என்று கேட்டார். அவர் வந்து பாதிக்கும் கீழே திருப்பி வைத்தார். "இங்க."

சகலை மேல் கம்பியை மீட்டினார். எனக்கு அது இனிமையாக, தெளிவாகக் கேட்டது. அவர் முகத்தில் ஒன்றும் வரவில்லை. மறுபடி மீட்டினார். குனிந்து கம்பியைப் பார்த்தார்.

"ஆடுது" என்றார். "கண்ணுக்குத் தெரியுது."

வாரைத் தலைவழியாகக் கழற்றி, வெள்ளைக் கிடாரை அதன் ஆணியிலேயே பத்திரமாக மாட்டினார். "போலாங்க சகலை."

மரியாதை திரும்பி வந்திருந்தது. 'நீ' என்றே திட்டியிருந்தால் தேவலை.

கத்தரிக்காயை எடுத்துப் பையில் வைத்தார். ஜிப்பைப் பாதி இழுத்திருப்பார். அந்த அம்மாள் மேசையிலிருந்தே, "இருங்க" என்றார். வந்து கிடாரைப் பாதி வெளியே இழுத்தார். மேல்பக்கத்துத் தோளில், கழுத்தை ஒட்டி, ஊதாப் பெயிண்ட் போய் உள்ளங்கையில் பாதியளவுக்கு வெறும் மரம் தெரிந்தது.

"கை உரசுற இடம் இது இல்ல. இங்க எப்படித் தேஞ்சுது?"

சகலை திருட்டு மாங்காய் பறித்துப் பிடிபட்டவர் மாதிரி நின்றார்.

"தாடை வெப்பேன்."

"எதுக்கு?"

அவர் என்னைப் பார்க்காமல் அந்த அம்மாளிடம் சொன்னார். பம்பு கொட்டகையில் எந்தப் பம்பில் தண்டு சுழலும் பேரிங் கெட்டுப்போகிறது என்று காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது, எட்டும் சேர்ந்து கத்தும். நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையைப் பம்பின் மேல் ஊன்றி, கைப்பிடியைத் தாடை எலும்பில் அழுத்திக்கொள்வார்கள். மற்ற ஏழும் அடங்கிவிடும், அந்த ஒன்று மட்டும் எலும்பு வழியாக வரும். "ஒரு வருஷமா, வீட்ல யாரும் இல்லாதப்ப, ஆம்ப்பை அணைச்சுட்டு அப்படித்தான் வாசிக்கிறேன். ஆனா அது கேட்கிறது இல்லம்மா. இருட்டுல தடவிப் பார்க்கிற மாதிரி."

"எட்டு பம்புல கெட்டது எதுன்னு சரியா சொல்லிடுவீங்களா?"

"தப்பு வந்ததில்ல."

அந்த அம்மாள் போய் ஆம்ப்பின் சுவிட்சை அணைத்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். "எனக்கு நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, தன் வேலைக்கு உட்கார்ந்துவிட்டார்.

சகலை நின்றார். என் நாக்கில் நூறு வாக்கியம் துடித்தது. எலும்பும் காதும் அண்ணன் தம்பிதானே, இந்த அங்கத்தால்தான் கேட்பேன் என்று சத்தியமா பண்ணினீங்க, கடவுள் வந்து காதைப் பிடித்துப் பார்க்கப்போகிறாரா... ஒன்றையும் சொல்லவில்லை. இன்னொருத்தர் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று சொன்னவர் அவர். சற்று முன்னால் அதைத்தான் நான் செய்யப் பார்த்தேன்.

அவர் பையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

பதினாலு கிடார். வகுக்காதீர்கள், நான் எண்ணினேன். ஒவ்வொன்றையும் மடியில் வைத்து, குனிந்து, அதன் தோளில் தாடையை அழுத்தி, கீழ்ச் சுருதிக் கம்பியை ஒரு தடவை மீட்டிவிட்டு அது அடங்குகிறவரை அசையாமல் இருந்தார். சிலதை ஒரு நொடியில் வைத்துவிட்டார். "வெறும் பலகை." சிலதை இரண்டு முறை எடுத்தார். வெள்ளைக் கிடாரும் வந்தது. அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "பளபளப்புதான்" என்று மாட்டிவிட்டார். ஒன்றரை மணி நேரம் ஆனது. பார்க்கிறவர்களுக்கு ஒரு மனுஷன் வரிசையாகக் கிடார்களிடம் ரகசியம் கேட்கிற மாதிரி இருந்திருக்கும். எனக்கு அவர் பிடரி மட்டும்தான் தெரிந்தது. மடியில் இருக்கும் கிடார் தேறுமா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம் போல, அவ்வளவு கவனம் அதில்.

பதிமூன்றாவது, மண் நிறத்தில் ஒரு பழைய கிடார். யாரோ விற்றுவிட்டுப் போனது, விளிம்பில் ஒரு இடி வாங்கிய பள்ளம். அகலமான கழுத்து. கீழ்க் கம்பியை மீட்டியதும் சகலையின் இடது கை தானாக எழுந்து, விரல் விட்டு நொடிகளை எண்ண ஆரம்பித்தது. மற்றதெல்லாம் ஆறு, ஏழோடு அடங்கியவை. இது பதினொன்று வரை போனது. பிறகு மேல் கம்பி. அதை ஒரு இருபது தடவை மீட்டியிருப்பார்.

பதினாலாவதையும் பார்த்தார், முறைக்காக. மண் நிறத்துக்குத் திரும்பி வந்தார்.

"இது" என்றார்.

"மேல் கம்பி வருதா?" என்று கேட்டேன்.

"ஈ உட்கார்ந்த மாதிரி வருது. அவ்வளவுதான்." தாடையைத் தேய்த்துக்கொண்டார். "சொன்ன சொல் போச்சு சகலை. காதால எடுக்கல."

நான் சுவரோரம் இருந்த கத்தரிக்காய்ப் பையை எடுத்துக்கொண்டேன்.

"போகட்டும். சொல்லுக்காக இதை விட்டுட்டுப் போக முடியல."

பஸ்ஸில் கிடாரை அவர் மடியில் நிறுத்திக்கொண்டார், கத்தரிக்காயை நான் வைத்துக்கொண்டேன். கதவைத் திறந்த மச்சினி முதலில் அவர் கையைத்தான் பார்த்தாள். முகம் விரிந்தது. அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, "தேங்க்ஸ் அத்தான்" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

டீ வந்தது. அவர் குடிக்கவில்லை. கிடாரை ஒயரில் மாட்டி, சோப்புப்பெட்டி ஆம்ப்பை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, "இங்க வா" என்று அவளைக் கூப்பிட்டார்.

"மேல் சத்தம் எனக்குப் போயிடுச்சு. கொஞ்சம் மந்தம்னு சொன்னேன் பார், அது பொய்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒரு வருஷமா அடுக்களைக் கதவைச் சாத்திக்கிட்டுத்தானே சமைக்கிறேன்."

"புகைக்குன்னு நினைச்சேன்."

"உங்க ஆம்ப்புக்கு" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க வாசிக்கிறதே எனக்குப் போதும்னு இருந்துட்டேன். சொன்னா நிறுத்திடுவீங்களே."

அவர் நாற்காலி ஒன்றை இழுத்து, தனக்கு நேர் எதிரே, முழங்கால் முட்டுகிற தூரத்தில் போட்டார். "உட்காரு. என் முகத்தைப் பார்க்காத. கேளு."

உட்கார்ந்தாள். அவர் மேல் கம்பியை மீட்டிக்கொண்டே குமிழைத் திருப்பினார். அவர் கண் குமிழில் இல்லை, அவள் புருவத்தில் இருந்தது. புருவம் சுருங்கியது. கை நின்றது, பின்னால் வந்தது.

"இப்ப?"

"இன்னும் கூர்மையா இருக்கு."

"இப்ப?"

"இன்னும் ஒரு துளி."

குறைத்தார். மறுபடி மீட்டினார். அவள் கழுத்து தளர்ந்து, கை மடியில் விழுந்தது.

"இதுதான். இங்கயே இருக்கட்டும்."

அவர் குமிழை அங்கிருந்து ஒரு நூல் முன்னாலும் பின்னாலும் அசைத்துக் கேட்டுப் பார்த்தார். இரண்டும் அவருக்கு ஒன்றாகத்தான் இருந்தது. அவள் சொன்ன இடத்திலேயே வைத்துவிட்டுக் கையை எடுத்தார். குனிந்து தாடையை மரத்தில் வைத்து, அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வாசிக்க ஆரம்பித்தார்.